பரந்தன் வீடியோக் கடையின் 147 ஆம் இலக்கக் கசெற்

பரந்தன் சந்தி எழுதியது:

சென்ற மாதம் வவுனியாவில், அக்காவின் வீட்டில், அப்பாவின் பழைய றங்குப்பெட்டியைத் திறந்தோம். காணி உறுதிகளுக்கும் நிவாரண அட்டைகளுக்கும் கீழே, வேட்டித் துண்டொன்றில் சுற்றப்பட்ட வீடியோக் கசெற் ஒன்று கிடந்தது. அதன் முதுகில் ஒட்டிய வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் 147 என்று எழுதி, எழுத்து அழியாதிருக்க மேலே செலோரேப் ஒட்டியிருக்கிறார்கள். படத்தின் பெயரோ கடையின் பெயரோ அதில் இல்லை. ஆனாலும் எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

1996 ஆம் ஆண்டு யூலை மாதம், பரந்தனில் ஒரு கடையிலிருந்து அப்பா அதை ஓர் இரவு வாடகைக்கு எடுத்து வந்தார். மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதற்குள் இராணுவ நடவடிக்கை தொடங்கி ஷெல் விழ ஆரம்பித்துவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு ஸ்கந்தபுரத்துக்குப் போனோம். கசெற்றும் எப்படியோ வந்துவிட்டது. அப்பா அதைக் கடனாகவே கருதினார். கடைக்காரரை எங்காவது கண்டால் கொடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். 2003 இல் அக்கா திருமணமாகி வவுனியாவுக்குப் போனபோது பெட்டியும் அவருடன் போனது. வன்னியில் இருந்திருந்தால் 2009 இறுதிப் போரைத் தாண்டியிருக்காது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கடைகள் எப்படி நடந்தன என்று நினைவுள்ளவர்கள் எழுத வேண்டும். இந்தக் கசெற்றை இப்போது என்ன செய்யலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

குளக்கட்டு எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்லும் கடை எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது. கரடிப்போக்குச் சந்தியிலிருந்து பரந்தன் வரையில் ஏ9 வீதியோரமாக அப்படியான கடைகள் ஒன்றுக்கு மேல் இருந்ததாகவே எனக்கு நினைவு. நான் போய்வந்த கடையின் முன்பக்கத்தில் சைக்கிள் ரியூப்பும் விளக்குச் சிமினியும் விற்பார்கள். பின்பக்கத்தில் ஒரு சேலைத் திரை தொங்கும். அதற்கு அப்பால்தான் கசெற் தட்டு. உறையில் நடிகர்களின் படங்கள் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எல்லாக் கசெற்றும் ஒரேமாதிரிக் கறுப்பு. இலக்கம் மட்டுந்தான் வேறு. எந்த இலக்கம் எந்தப் படம் என்பது கடைக்காரரின் எண்பது பக்கக் கொப்பியில் இருந்தது. படத்தின் பிரதியையும் கொப்பி என்றே சொல்வோம். ஆகவே அவர் கொப்பியைப் பார்த்து, "இது நல்ல கொப்பி" என்று சொல்லும்போது சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார்.

இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் கசெற்றை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானோர் எடுத்தது "செட்". தொலைக்காட்சிப் பெட்டி, கசெற்றை ஓட்டும் டெக், ஜெனரேட்டர், மூன்று கசெற், அவற்றை இயக்க ஒரு பொடியன் எல்லாம் சேர்ந்ததே ஒரு செட். 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு எங்கள் பக்கத்தில் கம்பம் இருந்தது, கம்பியில் ஒன்றும் இருக்கவில்லை. பெற்றோலும் பற்றறியும் பொருளாதாரத் தடையில் வராமற் போயின. ஜெனரேட்டரைச் சில சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் புகை நாற்றமே எனக்குப் படம் பார்த்த நாற்றம். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே வைக்கோலும் அதன்மேல் ஒரு தலையணையும் வைத்து, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிச் செல்வதுபோலக் குன்றும் குழியும் பார்த்து ஓட்டிவருவார்கள்.

வீட்டுக்கு இவ்வளவென்று காசு சேர்ப்போம். காசில்லாதவர்கள் மண்ணெண்ணெய் கொண்டு வருவார்கள். ஒருமுறை மூன்றாவது படத்தின் இறுதிச் சண்டைக்குச் சற்று முன்னர் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அதிகாலை நான்கு மணிக்கு யாரிடம் கேட்பது? எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டோம். அடுத்த நாள் வாய்க்காலில் குளிக்கும்போது, அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்ததாகச் சொன்ன மூன்று பேர் மூன்று முடிவு சொன்னார்கள். எது உண்மையான முடிவு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

முத்தையன்கட்டு எழுதியது:

செட் பற்றிக் குளக்கட்டு எழுதியது சரி. ஆனால் வீடியோக் கடை என்பது ஏ9 வீதிக்காரரின் நினைவு. எங்கள் பக்கத்தில் கடையே இருக்கவில்லை. புதுக்குடியிருப்பிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ செட் வரும், போகும். படம் எதுவென்று கேட்கும் வழக்கமும் இல்லை, வந்ததைப் பார்ப்போம்.

மல்லாவி மகள் எழுதியது:

அண்ணன்மாருடைய நினைவுகள் இனிமையாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் ஒன்றைக் கேட்கிறேன். அந்தச் சேலைத் திரைக்கு அப்பால் போய்ப் படம் தெரிந்தெடுத்த பெண் ஒருவரையாவது நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டதில்லை. எந்தப் படம் ஓட வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், எங்கே பெட்டி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆண்களே தீர்மானித்தார்கள். நாங்கள் பாயும் தேநீரும் கொண்டுவந்தோம். மூன்று படத்தில் முதலாவது சாமிப் படம், அது அம்மம்மாக்களுக்காம். இரண்டாவது குடும்பப் படம், அது எங்களுக்காம். மூன்றாவது சண்டைப் படம் தொடங்குமுன் எங்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குளக்கட்டு அண்ணன் முடிவு தெரியாமல் இருக்கும் அந்த ஒரு படத்தைப் போல, எனக்கு எத்தனையோ படங்களின் தொடக்கமே தெரியாது.

இதற்கிடையில் தணிக்கையும் இருந்தது. பாட்டு வெட்டுப்பட்ட இடத்தில் படம் ஒரு கணம் குதிக்கும். கதாநாயகி ஆற்றங்கரையில் நின்றவள் அடுத்த நொடியில் சமையலறையில் நிற்பாள். இடையில் என்ன பாட்டு என்று நாங்களே ஊகித்துப் பாடிக்கொள்வோம்.

டெக் திருத்துநர் எழுதியது:

பரந்தன் சந்திக்கு அவசரமாக ஒன்றைச் சொல்கிறேன்: அந்தக் கசெற்றை உடனே எந்த டெக்கிலும் போட வேண்டாம். நான் 1980 களின் இறுதியில் இத்தொழிலைப் பழகி, இன்றும் கிளிநொச்சியில் இலத்திரனியல் பொருட்கள் திருத்துபவன்.

முதலில் கசெற்றின் மேற்புறத்திலுள்ள கண்ணாடிச் சாளரத்தை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே சுருளின் ஓரத்தைப் பாருங்கள். சுருள் ஒரே கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொட்டோ சாம்பல் பூத்ததுபோன்ற படிவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியானதை ஓடவிட்டால், நாடா கிழிவதோடு நில்லாமல், டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட் முழுவதும் பூஞ்சணம் அப்பி, அடுத்து போடும் கசெற்றுக்கும் தொற்றும். பூஞ்சணம் இருந்தால் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் சில வாரம் உலரவிட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. உறை உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பின்புறத்தில் ஐந்து திருகாணிகள் உள்ளன. அவற்றைக் கழற்றி, நாடாவை நல்ல உறையொன்றுக்கு மாற்றலாம்.

அடுத்து, கசெற்றின் முதுகுப்புற ஓரத்தில் சிறிய பிளாஸ்ரிக் துண்டு ஒன்று இருக்கும். படம் பதிந்த பிறகு அதை முறித்துவிடுவோம். முறித்துவிட்டால் டெக் அதன்மேல் வேறெதையும் பதியாது. முறித்த இடத்தின் மேல் யாராவது செலோரேப் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால், படத்தின் மேல் பின்னர் வேறு ஏதோ பதியப்பட்டிருக்க இடமுண்டு.

கொப்பியின் தரத்தைப் பற்றியும் இரண்டு சொல். அரை அங்குல அகல நாடா. மூன்று மணிநேரம் ஓடும் ஈ-180 கசெற்றில் ஏறத்தாழ 258 மீற்றர் நீளம் இருக்கும். நம்முடைய படம் இரண்டே முக்கால் மணிநேரம் ஓடினாலும் ஒரே கசெற்றில் அடங்கியதற்கு அதுவே காரணம். உள்ளே உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுழல, அதில் பதித்த இரண்டு ஹெட்டுகளும் சாய்கோடு சாய்கோடாகப் படத்தை வாசிக்கும். கொழும்பிலிருந்து ஒரு கொப்பி வரும். அதிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஒன்று, அதிலிருந்து கிளிநொச்சியில் ஒன்று என்று எடுக்க எடுக்க நிறம் வழியும், முகம் கரையும். நான்காம் தலைமுறைக் கொப்பியில் கதாநாயகனையும் வில்லனையும் மீசையை வைத்தே அடையாளம் காண வேண்டும். திரையில் புள்ளி விழுந்தால் பொடியன்கள் ஹெட்டைச் சட்டை நுனியால் மேலும் கீழும் தேய்ப்பார்கள்; அப்படி முறிந்த ஹெட்டுகளுக்குக் கணக்கில்லை. மான்தோலில் ஸ்பிரிட் தொட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை மட்டும் விரலால் சுற்ற வேண்டும். இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஸ்காபரோப் பனி எழுதியது:

திருத்துநர் ஐயாவின் பதிவைப் படித்தபோது, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றின் காரணம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் விளங்கப்போகிறது என்று நினைக்கிறேன். நான் கனடாவுக்கு வந்த புதிதில், என் திருமண வீடியோவை ஒரு கசெற்றில் பதிந்து ஊருக்கு அனுப்பினேன். அது கொழும்பு, வவுனியா என்று கைமாறிக் கைமாறி, நான்கு மாதம் கழித்து அம்மாவிடம் சேர்ந்தது. அம்மா செட் பிடித்து, ஊரைக் கூப்பிட்டு, முற்றத்தில் படங்கு விரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். திரையில் வரிகள் மேலிருந்து கீழாக உருண்டனவாம். குரல் மட்டும் இழுபட்டு, எருமை கத்துவதுபோல வந்ததாம். "உன்ர குரல் இப்பிடி மாறிப்போச்சோ, பிள்ளை? குளிரோ?" என்று கடிதத்தில் கேட்டிருந்தார். நான் கசெற் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

டெக் திருத்துநர் எழுதியது:

அக்கா, கசெற்றில் பிழை இருந்திருக்காது. அப்போது தொலைக்காட்சிக்குக் கனடாவில் என்.டி.எஸ்.சி. முறை, இலங்கையில் பால் (PAL) முறை. அங்கே ஒரு படச்சட்டத்துக்கு 525 வரி, செக்கனுக்கு ஏறத்தாழ 30 சட்டம். இங்கே 625 வரி, 25 சட்டம். நாடா ஓடும் வேகமும் வேறு: உங்களது செக்கனுக்கு 33 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், எங்களது 23 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். வேகமாக ஓடவேண்டிய நாடாவை எங்கள் டெக் மெதுவாக இழுத்தது. அதனால்தான் குரல் தடித்தது. இலண்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சுவிசிலிருந்தும் வந்தவை ஒழுங்காக ஓடின. பிரான்சிலிருந்து வந்தவை செகாம் என்ற இன்னொரு முறையில் இருந்ததால் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தன. பாரிஸ் மணப்பெண்களின் கூறைச் சேலை என்ன நிறம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எல்லா முறையும் ஓடும் டெக் வன்னியில் மிக அரிது. ஒருவரிடம் இருந்தால், சனம் கசெற்றைத் தூக்கிக்கொண்டு முறிகண்டி தாண்டியும் சைக்கிளில் வரும்.

என் அனுபவத்தில், வீடியோக் கடையை நடத்தியது சினிமாப் படம் அல்ல. இந்தக் கல்யாண வீட்டுக் கசெற்றுகள்தான். வெளிநாட்டுக்குப் போன பிள்ளையின் முகத்தைக் காண, கடைக்கு வருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கடைக்காரரே கமெரா வைத்திருந்தால், இங்கே பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டையும் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியையும் எடுத்து அங்கே அனுப்பிவைப்பார்.

கைவேலி எழுதியது:

பொறுமையாகப் படித்துவந்தேன். மன்னிக்கவும், எனக்கு இது உறுத்துகிறது. 2009 இல் இந்த மண்ணில் எதை விட்டுவிட்டு நடந்தோம் என்பது இங்கே எழுதுபவர்களுக்குத் தெரியும். அந்த இழப்புகளின் வரிசையில் வாடகை வீடியோவுக்காக ஏங்குவது, வெளிநாட்டுக்காரர் தங்கள் பழைய கடைகளைப் பற்றி ஏங்குவதைப் பார்த்துச் செய்வதுபோல இருக்கிறது.

மல்லாவி மகள் எழுதியது:

கைவேலி அண்ணன், உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் ஏங்குவது கடைக்காக அல்ல.

நாங்கள் 1996 வரை பரந்தனுக்கு அருகே குமரபுரத்தில் இருந்தவர்கள். இடம்பெயர்ந்துதான் மல்லாவிக்கு வந்தோம். 2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மல்லாவியையும் விட்டுப் புறப்பட்டபோது, அப்பா நீல நிறப் பிளாஸ்ரிக் பரல் ஒன்றில் அல்பங்கள் இரண்டையும் கசெற்றுகள் ஏழையும் அம்மாவின் கூறையையும் பொலித்தீனில் சுற்றி வைத்து, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தாட்டார். 2010 இல் திரும்பி வந்து தோண்டினோம். மூடியின் விளிம்பால் தண்ணீர் இறங்கியிருந்தது. அல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டன. கசெற்றுகளை அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே நாடா சேறு பிடித்திருந்ததைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் பரலுக்குள் வைத்தார். அவற்றில் ஒன்று அக்காவின் சாமத்தியவீடு, 1995. அக்கா நடந்ததும் பேசியதும் அந்த ஒன்றில் மட்டுந்தான் இருந்தன. 2009 போரில் அவர் மாத்தளனிலிருந்து வெளியே வரவில்லை.

கைவேலி எழுதியது:

தங்கச்சி, நான் எழுதியதை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

குளக்கட்டு எழுதியது:

இந்தக் கடைகள் எப்படி முடிந்தன என்பதையும் எழுதிவிடுகிறேன். பரந்தன் சந்தி கேட்டிருந்தார். வேறு நாடுகளில் கசெற் மெல்ல மெல்லச் செத்தது என்கிறார்கள். சோனி தன் பீற்றாமக்ஸ் என்ற வேறு வகைக் கசெற்றை 2016 வரை விற்றது, நம்முடைய வகையான வி.எச்.எஸ். கசெற்றுக்கு டெக் செய்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் நிறுத்தியதும் அதே ஆண்டு யூலையில்தான். எங்களுக்கோ ஒரு பாதை திறந்ததும் கதை முடிந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ9 சனத்துக்குத் திறந்தது. அடுத்த சில மாதங்களில் வி.சி.டி. எனும் வீடியோத் தட்டுகள் மூட்டையாக வந்து இறங்கின. ஒரு தட்டில் எழுபத்தைந்து எண்பது நிமிடந்தான் அடங்கும் என்பதால் ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று தட்டுகள். ஆனால் சுற்றத் தேவையில்லை, ஹெட் துடைக்கத் தேவையில்லை, மண்ணெண்ணெயும் குறைவு. நான் போன கடைக்காரர் பழைய கசெற் நாடாவை உருவித் தோட்டக்காரருக்குக் கொடுத்தார். மிளகாய்க் கன்றுகளுக்கு மேல் கட்டினால் காற்றில் மினுங்கி விர்ரென்று சத்தம் போடும், கிளி அண்டாது. பத்துப் பன்னிரண்டு படம் ஒரு தோட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்ததை என் கண்ணால் கண்டேன்.

பரந்தன் சந்தி எழுதியது:

மூன்று வாரம் தாமதித்து எழுதுகிறேன். திருத்துநர் ஐயா சொன்னபடி பார்த்தேன். பூஞ்சணம் இல்லை. ஆனால் பிளாஸ்ரிக் துண்டு முறிந்த இடத்தில் செலோரேப் ஒட்டியிருந்தது. கசெற்றை அவரிடமே கொண்டுபோனேன். அவர் ஒருமுறை முழுவதும் முன்னோக்கிச் சுற்றி, பின் திரும்பச் சுற்றி, அதன் பிறகே ஓடவிட்டார். கணினியிலும் பதிந்து தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிரவு நாங்கள் பார்த்த படம் அதில் இருக்கிறது. ஆனால் தொடக்கம் இல்லை. முதல் பதினொரு நிமிடத்தின் மேல் யாரோ ஒருவரின் சாமத்தியவீட்டைப் பதிந்திருக்கிறார்கள். அந்த வயதில் எனக்கு அது நினைவில் பதியவில்லை; பொடியன் அதைத் தாண்டி ஓட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டிருப்பான் போலும்.

ஜெனரேட்டர் சத்தம் பதினொரு நிமிடமும் கேட்கிறது. மாவிலைத் தோரணம், நிறைகுடம், சிவப்புச் சேலையில் ஒரு பிள்ளை. கமெரா விளக்கின் வெளிச்சத்தில் அவர் அடிக்கடி கண்ணைச் சிமிட்டுகிறார். யாரோ "நிமிந்து பார், பிள்ளை" என்கிறார்கள். பெண்கள் சோடி சோடியாக வந்து ஆலாத்தி எடுக்கிறார்கள். கொட்டிலுக்கு அப்பால் வாய்க்கால் மதகு ஒன்று தெரிகிறது. பிறகு படம் உதறி, நடுச்சண்டையில் ஒரு நடிகர் கத்துகிறார்.

டெக் திருத்துநர் எழுதியது:

தடைக்காலத்தில் வெற்றுக் கசெற் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகையால் கமெராவில் எடுத்ததை வீட்டுக்காரருக்கு நல்ல கசெற்றில் பதிந்து கொடுப்பதற்கு முன்னர், டெக் இரண்டும் ஒழுங்காக வேலைசெய்கின்றனவா என்று கடையிலுள்ள பழைய படமொன்றின் தொடக்கத்தில் பதிந்து பார்ப்போம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆகவே அந்த வீட்டார் கடைக்கு அருகில் இருந்தவர்களாகவே இருப்பார்கள். அந்தப் பிள்ளை யாரென்று தெரியும்வரை படத்தை இங்கே பொதுவில் போட வேண்டாம்.

மல்லாவி மகள் எழுதியது:

பரந்தன் சந்தி அவர்களே, ஒன்றே ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஆலாத்தி எடுத்தவர்களில் யாருக்காவது இடது கையில் கட்டுப் போட்டிருக்கிறதா? எங்கள் வீட்டில் அது நடந்த கிழமையில்தான் அம்மா கிணற்றடியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். வேண்டாம் என்று எல்லோரும் மறித்தும் தானே எடுப்பேன் என்று நின்றார்.

பரந்தன் சந்தி எழுதியது:

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது சோடியில் இடப்பக்கம் நிற்பவர் சேலைத் தலைப்பை இடது கையின்மேல் போட்டு மூடியிருக்கிறார். தட்டை வலது கையால் மட்டும் பிடித்திருக்கிறார், மற்றப் பக்கத்தை அடுத்தவர் தாங்குகிறார். தலைப்புக்குக் கீழே கட்டு இருக்கிறதா என்று இந்தக் கொப்பியில் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். அம்மா பக்கத்தில் இருந்தால், முதலில் நீங்கள் பார்த்துவிட்டு அவருக்குக் காட்டுங்கள்.